புகைக்கூடச் சுவரில் நின்ற இஞ்சின்

எம்பி நின்றும் அந்தச் சக்கரத்தின் மேல்விளிம்பை என் கையால் தொட முடியவில்லை. இத்தனைக்கும் அது வெறும் சுண்ணக்கட்டியால் வரைந்த சக்கரம். மலேசியாவின் மலாக்காவில், ரெம்பியாவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தின் நடுவே இருந்த எண்ணெய் ஆலையில் நான் வேலை பார்த்த காலம் அது. ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருந்தது. ரப்பர் இருந்த நாள்களில் அதற்குள்தான் ரப்பர்த் தாள்களைப் புகைபோட்டுக் காயவைத்தார்களாம். பல ஆண்டுப் புகை ஏறி, உட்சுவர்கள் கரும்பலகையாகவே மாறிவிட்டிருந்தன. நீளவாக்கில் இருந்த சுவரின் கறுப்பில், வெள்ளைக் கோடுகளால், ஒரு முழு நீராவி இஞ்சின் நின்றது. முன்னால் உயரமான புகைபோக்கி, அதை ஒட்டி நீண்டு தாழ்ந்து கிடக்கும் கொதிகலன், அடியில் சிறிய சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ஒற்றைப் பெரிய சக்கரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் விரைவு வண்டிகளை இழுத்த இஞ்சின். அளவைக் குறைக்காமல், உண்மையான உயரத்தில், உண்மையான நீளத்தில் வரைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். சக்கரத்தின் அச்சு என் மார்புக்கு நேராக இருந்தது. வரைந்தவர் ஏணியின் மேல் உட்கார்ந்து, புகைபோக்கியின் விளிம்பை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு இஞ்சு கூடிப்போச்சு" என்றார்.

ஆலையில் எல்லாரும் அவரைப் 'பாய்லர் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். நான் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். எண்ணெயின் தரத்தைச் சோதிப்பதோடு, கொதிகலனுக்குள் போகும் தண்ணீரையும் தினமும் சோதிக்க வேண்டும். அதற்காகக் காலையில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு கொதிகலன் கூடத்துக்குப் போவேன். உள்ளே போக எனக்குப் பயம். அந்தச் சத்தம் காதுக்குள் நுழைவதில்லை, நெஞ்சுக்குள் நுழையும். அதனால் அண்ணனே வெளியே வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போய், தண்ணீர் பிடித்து, துணியில் சுற்றி, சூடு ஆறியபின் கொண்டுவந்து தருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கரி படிந்த கைகள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில்.

அவருக்குத் திக்கும். சாதாரணத் திக்கல் இல்லை. சொல் தொண்டையில் வந்து நிற்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும், ஒரு கை தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும். அதிலும் 'ப' என்று தொடங்கும் சொல் வந்தால் அவ்வளவுதான். அவர் செய்யும் தொழிலின் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் கொதிகலனை அவர் 'அது' என்பார். 'அது இன்னிக்கு நல்லா எரியுது' என்பார். பிஸ்டனைக் 'குழாய்க்குள்ள போறது' என்பார். இப்படி வளைந்து வளைந்து சுற்றுவழியில் போய்ச் சேர்வதே அவருடைய பேச்சாக இருந்தது. பெரும்பாலும் பேசவே மாட்டார்.

அந்த இஞ்சின் அவரிடம் ஒரு நாட்காட்டி வழியாக வந்தது. ஆலைகளுக்கு இயந்திரம் விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம், புத்தாண்டுக்கு ஒரு பெரிய நாட்காட்டி அனுப்பியிருந்தது. மாதத்துக்கு ஒரு பழைய பிரெஞ்சு இஞ்சின் படம். அலுவலகத்தில் யாருக்கும் அது வேண்டாமலிருந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டுபோய்க் கொதிகலன் கூடத்துக்கு வெளியே ஒட்டியிருந்த சிறு அறையில் மாட்டினார். மாதம் மாறமாற ஒழுங்காகத் தாளைத் திருப்பினார். செப்டம்பர் வந்தது. அதோடு நாட்காட்டி நின்றுவிட்டது. அக்டோபரிலும் செப்டம்பர். நவம்பரிலும் செப்டம்பர். நான் தண்ணீர் மாதிரியில் தேதி எழுதும்போது அந்தத் தாளைப் பார்த்து ஒருமுறை தப்பாக எழுதி, மானேஜரிடம் பேச்சு வாங்கினேன்.

"அண்ணே, தாளைத் திருப்பக்கூடாதா? உங்களால எனக்குத் திட்டு" என்றேன்.

அவர் படத்தைக் காட்டினார். பச்சை வண்ணம் பூசிய, தரையோடு படுத்ததுபோன்ற இஞ்சின். "இவன் ஏன் சக்கரத்தைக் கொண்டுபோயி கடைசியில வச்சான்? அது தெரியாம எப்படித் திருப்புறது?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அப்போது என் அறைத்தோழி ஒருத்தி அலோர் காஜாவில் ஒரு இணையக் கடையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை மதியம் அங்கே போய் உட்கார்ந்து தேடினேன். ஆங்கிலத்தில் கிடைத்ததைப் படித்தேன், பிரெஞ்சில் இருந்ததைப் படங்களுக்காக அச்செடுத்தேன். திங்கட்கிழமை தண்ணீர் போத்தலோடு அந்தத் தாள்களையும் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். வேகமாகப் போக வேண்டுமானால் இஞ்சினின் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினாலே நெடுந்தூரம் போய்விடும். ஆனால் அந்தப் பெரிய சக்கரத்தைக் கொதிகலனுக்கு அடியில் வைத்தால் கொதிகலன் மேலே எழும்பிவிடும். பாரம் மேலே போனால் வளைவில் கவிழ்ந்துவிடும் என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் சக்கரத்தை அடியிலிருந்து எடுத்து, தீ எரியும் பெட்டிக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தார். சக்கரம் எவ்வளவு உயரமானாலும் கொதிகலன் தரையை ஒட்டியே கிடக்கும். அவர் சொந்த நாடு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் அந்த இஞ்சின்கள் அங்கே விரைவு வண்டிகளை இழுத்தன. அந்தப் பொறியாளரின் பெயரே விரைவு வண்டிக்கு இன்னொரு பெயராகிவிட்டதாம்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தனக்கு அதில் எதுவும் புதிதில்லை என்பதைப் போன்ற முகம். பிறகு பென்சிலை எடுத்து, படத்தின் முன்பக்கம் ஒரு வட்டமும் பின்பக்கம் ஒரு வட்டமும் போட்டார். "வெய்ட்டெல்லாம் முன்னால இருக்கு. இழுக்குற சக்கரம் இங்க இருக்கு. இது தண்டவாளத்தைப்... தண்டவாளத்தைக் கவ்வாது. லேசான வண்டிதான் இழுக்கும். கனமா கட்டினா நின்ன எடத்துலயே சுத்தும்."

நான் கையில் வைத்திருந்த கடைசித் தாளை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதில் அப்படியேதான் எழுதியிருந்தது. வண்டிகள் கனமாக ஆக ஆக, அந்த ஒரு சோடிச் சக்கரத்தின் பிடிமானம் போதாமல், பின்னால் வந்தவர்கள் இரண்டு சோடிச் சக்கரங்களைத் தண்டால் இணைத்து ஓட்டினார்கள் என்று. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டுவந்த ஒருவர், ஒரே ஒரு பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து, ஒரு நாடு பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துக் கண்டுகொண்டதைச் சொல்லிவிட்டார். அந்தத் தாளையும் அவரிடம் நீட்டினேன்.

அதற்குப் பிறகுதான் சுவர். சக்கரத்தின் விட்டம் ஏழரை அடி என்று தாளில் இருந்தது. அவருக்கு அந்த எண் போதவில்லை. 'எம்மா உசரம்னு தெரியணும்' என்றார். செம்பனைப் பழக்குலை வரத்துக் குறைந்த மாதங்களில் ஆலை வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓடாது. அந்த நாள்களில் பகல் முழுக்கப் புகைக்கூடத்தில்தான் இருப்பார். சக்கரம் போட்ட அன்று நானும் இருந்தேன். நடுவில் ஓர் ஆணி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் சுண்ணக்கட்டி. ஆணியை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏணியில் ஏறி, வளைந்து, இறங்கி, குனிந்து, ஒரே இழுப்பில் வட்டத்தை முடித்தார். இறங்கி வந்து இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து பார்த்தோம்.

பிறகு அவர் வெளியே போய்ச் செம்மண் சாலையில் காலால் ஒரு கோடு கிழித்தார். கயிற்றால் அளந்து, இருபத்து மூன்று அடிக்கும் கொஞ்சம் தள்ளி, லாரிகள் எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தார். "இதான் ஒரு சுத்து" என்றார். நான் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு நடந்துபார்த்தேன். ஒன்பது பத்து முறை காலெடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவர் விரல் சொடுக்கினார். ஒரு சொடுக்கு நேரத்துக்குள் அந்தச் சக்கரம் இந்தத் தூரத்தை மூன்று முறை தாண்டிவிடும் என்று காட்டத்தான். குதிரை வண்டிதான் வேகம் என்றிருந்த உலகத்தில், கூரைகூட இல்லாத மேடையில், இரண்டு பக்கமும் அந்த ராட்சதச் சக்கரங்கள் சுழல, நடுவில் ஒரு மனிதன் நின்று ஓட்டியிருக்கிறான். நான் அந்தச் சாலையில் நின்று அதை எண்ணிப்பார்த்தேன்.

நாட்காட்டியும் திரும்பியது. அடுத்த மாதங்களின் இஞ்சின்கள் அவரை ஒவ்வொன்றாக மயக்கின. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கொதிகலன்களைச் சுமந்த ஓர் இஞ்சின் நவம்பரில் இருந்தது. அதைப் பார்த்து, சிரிக்கவே சிரிக்காத மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். டிசம்பரில் நான்கு உருளைகள் கொண்ட இஞ்சின். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் இரண்டு சிறிய உருளைகளுக்குள் போய்த் தள்ளும். அங்கே வலுக் குறைந்து வெளியே வருவதை வீணாக விடாமல், இரண்டு பெரிய உருளைகளுக்குள் செலுத்தி இன்னொரு முறை வேலை வாங்குவார்கள். அதே நிலக்கரி, அதே தண்ணீர், கூடுதல் இழுவை. அண்ணன் அதைப் பார்த்ததும் திரும்பி ஆலையைப் பார்த்தார்.

"நம்ம மில்லும் இதான் தங்கச்சி. முதல்ல கரண்டு எடுக்குற டர்பைனுக்குப் போவுது. அங்கிருந்து வந்த ஸ்டீம்லதான் குலையை வேக வைக்கிறோம். ஒரே ஸ்டீம், ரெண்டு வேலை. அவன் ஓடுற வண்டியில செஞ்சான்லா."

ஒரு வருடத்துக்கும் மேலாக நான் அந்தக் குழாய்களுக்கு அடியில் நடந்துபோயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே அவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. ஆலையில் பெரிய கொதிகலன் ஒன்று வரப்போகிறது. அதை ஓட்ட முதல் தரச் சான்றிதழ் வேண்டும். அவரிடம் இருந்தது இரண்டாம் தரம். தேர்வு வாய்மொழித் தேர்வு. மலாக்கா டவுனில் அரசு அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை போய்விட்டு வந்திருந்தார். இரண்டு முறையும் தாளில் எழுதி வந்த காரணம் ஒன்றுதான்: பதில் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காத்திருந்தார்களாம். காத்திருக்கக் காத்திருக்க இவருக்குச் சொல் இன்னும் அடைத்துக்கொண்டது. மூன்றாவது முறையும் தவறினால், புதுக் கொதிகலனுக்கு வெளியிலிருந்து ஆள் வரும், இவர் குலை இறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அண்ணன் அதைச் சொல்லவில்லை. அவர் மனைவி, அண்ணிதான் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. வீட்டுல தூக்கத்துலகூட வால்வு, கேஜின்னு கையாட்டிக்கிட்டு இருப்பாரு. அங்க போயி வாயத் தொறக்க மாட்டேங்குறாரே, நான் என்ன செய்வேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மானேஜர் புகைக்கூடத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத் தமிழர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கட்டடத்தை வெள்ளையடித்து உதிரிப்பாகக் கிடங்காக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. அளவு எடுக்க வந்தவர் கதவருகே நின்றுவிட்டார். நான் அண்ணனுக்காகப் பயந்தேன். ஆலை நேரத்தில் சுவரில் படம் வரைந்தவன் என்று எழுதிவிடுவாரோ என்று.

"இது ஆர் கீறினது?" என்று கேட்டார்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். மானேஜர் கிட்டே போய், சக்கரத்துக்கு முன்னால் நின்று, தன் தலைக்கு மேல் கையை வைத்து உயரம் பார்த்தார். "ஏன் இந்தப் பெரிய சில்லு பின்னுக்குக் கிடக்கு?"

அண்ணன் நேராகப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில் இன்னோர் இஞ்சின் வரைந்தார், சிறியதாக, பெரிய சக்கரத்தைக் கொதிகலனுக்கு அடியில் வைத்து. அதன் உச்சியில் பாரம் ஏறிக் கவிழ்வதுபோல் ஓர் அம்பு போட்டார். பிறகு பெரிய இஞ்சினைத் தட்டிக் காட்டினார். அரைநிமிடம். மானேஜர் இன்னொரு கேள்வி கேட்டார், இன்னொரு படம் வந்தது. இன்னொன்று, இன்னொன்று. நான் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் மானேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதை அழிக்காமல் விடுங்கோ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பம் மட்டும் வரவில்லை. செய்தி பரவி, தோட்டத்து வீட்டு வரிசைகளிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பக்கத்துக் கம்போங் கிராமங்களிலிருந்து மலாய்க்காரர்கள் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். சக்கரத்தின் முன்னால் நின்று ஆள் மாற்றி ஆள் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சுவரைத் தொடவில்லை. ஒரு கோட்டுக்கு இப்பால் நின்றே பார்த்தார்கள், அப்படி யாரும் சொல்லாமலேயே. சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவர்கள்கூட நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை அண்ணனே சுண்ணாம்பு வாளியோடு போய் வெள்ளையடித்தார். வேறு ஆளை விடவில்லை. புகைபோக்கியிலிருந்து தொடங்கி, சக்கரத்தைக் கடைசியாக அழித்தார். வருத்தமா என்று கேட்டேன். "எம்மா உசரம்னு தெரிஞ்சிடுச்சுலா" என்றார்.

என் மனத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வாயால் சொல்ல முடியாததை இவரால் கையால் சொல்ல முடிகிறது. தேர்வு அதிகாரிகளுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். இவர் பதில்களை வரைந்து காட்ட அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். மானேஜர் படித்துப் பார்த்து, இரண்டு பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். கீழே தன் கையால், 'இவர் வரைவதை நானே பார்த்திருக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தார். பதில் வரவில்லை. தேர்வு நாள் வந்துவிட்டது.

அண்ணி, அண்ணன், நான் மூவரும் போனோம். அண்ணி கீழே காரிலேயே இருந்துகொண்டார், மேலே வரத் தைரியமில்லை என்று. தேர்வு அறையில் ஏர்கோன் ஓடாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எதிரே நடையில் கிடந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது கேட்டது. தலைமை அதிகாரி வயதான மலாய்க்காரர். முதல் கேள்வி கேட்டார். அண்ணனின் கை தொடையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு காகிதம் புரளும் சத்தம். "உங்கள் மானேஜர் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்" என்றது அதே குரல். "பலகை அங்கே இருக்கிறது. போங்கள்."

வெள்ளைப் பலகையில் பேனா கீச்சிடும் சத்தம் தொடங்கியது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தச் சத்தம்தான். கேள்வி, கீச்சு. கேள்வி, கீச்சு. கொதிகலனில் தண்ணீர் மட்டம் கண்ணாடிக் குழாயிலிருந்து மறைந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அதற்கு அவர் வரைந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் நடுவே ஒரே ஒரு சொல் கேட்டது: "ஜாங்கான்." கூடாது. காய்ந்துபோன கொதிகலனுக்குள் அவசரப்பட்டுத் தண்ணீரை விடக்கூடாது, விட்டால் வெடிக்கும். நீராவியை ஏன் இரண்டு முறை பயன்படுத்துகிறோம் என்று கேட்டபோது பேனா வெகுநேரம் ஓடியது. பிறகு ஓர் இளைய அதிகாரியின் குரல், "இது உங்கள் ஆலை. பக்கத்தில் இருக்கும் இது என்ன?"

"கெரெத்தா ஆப்பி" என்றார் அண்ணன். ரயில். எந்த நாட்டு ரயில் என்று கேட்டார்கள். மலாயிலும் அந்த நாட்டின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பிறகு பேனா எழுதும் சத்தம். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. மூன்று பேரும் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போகிறார்கள் என்று புரிந்தது. அந்த இளைய அதிகாரி வெளியே ஓடிவந்து, பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது தலைமை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். குரலில் கடுமை இல்லை, ஆனால் விடவும் இல்லை. "உங்களுக்கு எல்லாம் தெரிகிறது. நான் கையெழுத்துப் போட்டால், ஒரு கூடம் நிறைய ஆள்களின் உயிரை உங்களிடம் கொடுக்கிறேன். ஆபத்து வந்தால் ஓடு என்று எப்படிச் சொல்வீர்கள்? படம் வரைவீர்களா?"

நியாயமான கேள்வி. கடிதம் எழுதியபோது எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு அண்ணனின் குரல் வந்தது. மெதுவாக, மலாயில், ஒவ்வொரு சொல்லாக.

"ஐயா, அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது."

அவரே தொடர்ந்தார். "என் ஆளுங்க என் கையைத்தான் பார்ப்பாங்க. எப்பவும்."

தலைமை அதிகாரி சிரிக்கவில்லை. இருபது வருடம் முன்பு தானும் ஓர் ஆலையில் கொதிகலன் பார்த்தவர்தான் என்று பிறகு அண்ணனிடம் சொன்னாராம். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். "ஓடு என்பதற்கு என்ன சைகை?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் காட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் கழித்து, "பெத்துல்" என்றார் அவர். சரி. பேனா மூடியைத் திறக்கும் 'டக்' சத்தம் எனக்குக் கேட்டது. கையெழுத்துப் போடுகிறார் என்று எப்படியோ தெரிந்தது. நான் படியில் இறங்கி ஓடினேன். அண்ணி என் முகத்தைப் பார்த்ததும் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடுரோட்டில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இதெல்லாம் நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் திருமணமாகிப் புக்கிட் பெருவாங்குக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை. அண்ணன் பல ஆலைகள் மாறி, கடைசியில் சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு பெரிய ஆலையில் கொதிகலன் பிரிவுக்குத் தலைவரானார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று அண்ணி சொன்னதும் போன மாதம் பார்க்கப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அதே ஒல்லி உடம்பு, அதே பென்சில். திக்கல் கொஞ்சமும் குறையவில்லை. "வா... வா... தங்கச்சி" என்பதற்குள் எனக்கு அவர் அறையின் நான்கு சுவர்களையும் பார்த்து முடிக்க நேரம் இருந்தது.

இப்போது கொதிகலனைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து திரையில் பார்த்து ஓட்டுகிறார்கள். குளிர்சாதன அறை, நாற்காலி, எண்கள். ஒரு இளம்பெண் அங்கே பொறுப்பில் இருந்தாள். அண்ணன் என்னைக் கொதிகலனைக் காட்ட வெளியே அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் ஒருநாளும் உள்ளே நுழையாதவள், காதடைப்பான்களைச் செருகிக்கொண்டு, இரும்புப் படியேறி அவரோடு மேடையில் நின்றேன். மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது அது. சத்தம் காலடி இரும்பு வழியாக ஏறி எலும்பில் அதிர்ந்தது. தீக்கண் வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெள்ளையாக எரிந்தது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் தண்ணீரைக் கொதிக்கவைத்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றிய அதே வேலைதானே என்று நினைத்துக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

வெற்றிலை மெல்லுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கூர்ந்து பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தார். கொதிகலனைப் பார்த்தபடி, நிறுத்தாமல், சரளமாக. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கண் மூடவில்லை. கை தொடையைத் தட்டவில்லை, தளர்ந்து கம்பியின் மேல் கிடந்தது. புருவம் ஏறி இறங்கியது, ஏதோ ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டார், மறுபடி தொடர்ந்தார். நான் ஒரு காதடைப்பானைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் சாய்ந்தேன். இரைச்சல்தான் கேட்டது. நான் பார்ப்பதை அவர் கவனிக்கவில்லை. நான் படியிறங்கிக் கண்ணாடி அறைக்கு வந்துவிட்டேன்.

"அண்ணன் அங்க என்னம்மா பேசிக்கிட்டு இருக்காரு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு எப்பவும் அப்படித்தான் அக்கா. இங்க உள்ள வந்தா ஒரு வார்த்தைக்குக் கஷ்டப்படுவாரு. அந்தச் சத்தத்துல நின்னா நல்லாப் பேசுவாருலா, மணிக்கணக்கா. என்ன பேசுறாருன்னுதான் யாருக்கும் தெரியாது."

நான் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும், யாருக்கும் கேட்காத இடத்தில் நின்று இந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வெளியே போத்தலோடு காத்திருந்த காலைகளிலும் பேசியிருப்பார். அண்ணிக்கு இது தெரியுமா என்று நினைத்தேன். கேட்கக்கூடாது என்றும் நினைத்தேன். மேடையில் அவர் ஒரு கையை உயர்த்தி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் அங்கே நின்ற நேரம் முழுக்க, ஒரு சொல்லில்கூட அவர் திக்கவில்லை.